மொட்டைத் தலையும் உப்பள வெயிலும்

கேள்வி: எனக்கு வயது 46. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஓர் உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கடந்த சித்திரைப் பிறப்புக்குக் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுக்கொண்டு, மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு நாளில் தலை எரிந்து சிவந்து, பிறகு தோல் உரிந்தது. உச்சியில் முடி ஏற்கெனவே மெலிந்துவிட்டதால், இப்போது மாதம் ஒருமுறை 'நம்பர் ஒன்' வெட்டிக்கொள்கிறேன். தொப்பி போட்டால் மிச்ச முடியும் கொட்டிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார் அம்மா. மகள் சன்ஸ்கிரீன் வாங்கி வைத்திருக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? பிரஷர் மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. உச்சியில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓர் இடம் மட்டும் ஐந்து மாதமாகச் சொரசொரவென்று இருக்கிறது. பொடுகுதான் என்று நினைக்கிறேன்.
— வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கடைசி விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொடுகு பெரும்பாலும் தலை முழுக்கப் பரவும். ஷாம்புவை மாற்றினால் கொஞ்சமாவது அடங்கும். காசு ஒட்டியதுபோல் ஒரே இடத்தில் ஐந்து மாதம் நிலைத்து நிற்கும் சொரசொரப்பு சொரியாசிஸாக இருக்கலாம், படர்தாமரையாக இருக்கலாம், வெயிலால் தூண்டப்பட்டு, தழும்பையும் முடி முளைக்காத திட்டையும் விட்டுச்செல்லும் டிஸ்காய்டு லூபஸ் என்ற நோயாகவும் இருக்கலாம். பல ஆண்டு வெயிலின் விளைவாக வழுக்கைத் தலைகளில் தோன்றும் ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்ற தடிப்பும் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போலத்தான் இருக்கும். வெள்ளைத் தோலினரிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் இந்தத் தடிப்பு நம் நிறத்தவருக்குக் குறைவு என்றாலும் அறவே வராது என்று சொல்லிவிட முடியாது. அதில் ஒரு சிறு பங்கு நாளடைவில் தோல் புற்றாக மாறக்கூடும் என்பதால், கையால் தடவி முடிவுசெய்யும் வேலையை நீங்களும் நானும் செய்ய வேண்டாம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் இந்த வாரமே காட்டுங்கள். தேவைப்பட்டால் மிகச் சிறிய துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். அதுவரை நகத்தால் பெயர்க்காதீர்கள்; எலுமிச்சம்பழமும் தேய்க்காதீர்கள். பொடுகுக்கு எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போகும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தச் சாற்றில் உள்ள சோரலென் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைக் கொப்பளிக்கவைத்துவிடும்.

மருத்துவரிடம் போகும்போது பிரஷர் மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மருந்து கலந்திருந்தால், அது தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்கும். நீண்ட காலம் அதை உட்கொள்பவர்களுக்குச் சில வகைத் தோல் புற்றுகளின் வாய்ப்பு கூடுகிறது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் எச்சரித்தது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லி, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

இனி வெயிலுக்கு வருவோம். நீங்கள் மொட்டை போட்டுக்கொண்ட நாளைவிடக் கடுமையான நாள் உங்கள் ஊரில் இல்லை என்றே சொல்லலாம். தூத்துக்குடியில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது. ஒன்று ஏறக்குறைய சித்திரைப் பிறப்பன்று, மற்றொன்று ஆகஸ்டு மாத இறுதியில். அந்நாட்களில் பகல் பன்னிரண்டே கால் மணி அளவில் உங்கள் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். கதிர்கள் முகத்தில் சாய்வாக விழ, உச்சந்தலையில் மட்டும் செங்குத்தாக இறங்கும். அதுவரை முடிக்கு அடியில் வெயிலே காணாதிருந்த தோல் அன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது. நெடுங்காலமாக வெயிலில் கறுத்துப் பழகிய கழுத்துக்கு இருக்கும் தாங்கும் சக்தி அதற்கு இல்லை. மொட்டையடித்தவுடன் தலை வெளுப்பாகத் தெரிவதைக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள்.

வெயிலின் சூடு வேறு, தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் கத்திரி வெயிலுக்கு அஞ்சுவார்கள். ஆனால் பங்குனியிலேயே புற ஊதாக் கதிர் உச்சத்தை நெருங்கிவிடுகிறது. கடற்காற்று வீசி உடம்பு குளிர்ந்தாலும், மெல்லிய மேகம் படர்ந்தாலும் அது பெரிதாகக் குறைவதில்லை. கைப்பேசியின் வானிலைச் செயலியில் 'யூவி இண்டெக்ஸ்' என்ற எண் இருக்கும். 3ஐ எட்டினாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11ம் அதற்கு மேலும் என்பது மிகத் தீவிரம். உங்கள் ஊரில் கோடை நண்பகலில் அந்த எண்ணைச் சாதாரணமாகப் பார்க்கலாம். செயலி இல்லையென்றால் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் தலை மூடியிருக்க வேண்டிய நேரம்.

'நம்பர் ஒன்' என்பது 3 மில்லிமீட்டர் முடி. அடர்த்தியான தலையில் அது ஓரளவுக்காவது நிழல் தரும். மெலிந்த உச்சியில் அது கணக்கில் வராது. உங்கள் வேலைக்கு முதற்காப்பு துணியோ தொப்பியோதான், சன்ஸ்கிரீன் அதற்கு அடுத்தது என்பது என் கருத்து. தொப்பி வியர்வையில் கரைந்து வழிவதில்லை. இரண்டு மணிக்கொருமுறை புதுப்பிக்கவும் வேண்டியதில்லை. கிரிக்கெட் தொப்பி வேண்டாம். அது காதையும் பிடரியையும் விட்டுவிடும், பின்பக்கப் பட்டைக்கு மேலுள்ள பிறை வடிவ இடைவெளி வழியாக உச்சிக்குக் கீழே ஒரு பிறையைச் சுட்டும் வைக்கும். சுற்றிலும் நான்கு விரல் அகல விளிம்பு உள்ள தொப்பியாகப் பாருங்கள். உங்கள் மாவட்டத்து மணப்பாட்டில் பனையோலை முடைபவர்கள் இருக்கிறார்கள். நெருக்கமாக முடைந்த ஓலைத் தொப்பி காற்றோட்டமாக இருக்கும், இந்த வெப்பத்துக்குத் துணித் தொப்பியைவிடச் சுகம். எதை வாங்கினாலும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் கதிரும் அதே வழியில் உள்ளே வரும். துண்டுதான் வசதி என்றால் மூன்று மடிப்பாகத் தலைப்பாகை கட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய வெள்ளைத் துண்டை நனைத்து ஒற்றையாகப் போட்டுக்கொண்டால் குளுமையாகத்தான் இருக்கும், ஆனால் நனைந்த பருத்தி கதிரை முன்னைவிட அதிகமாக உள்ளே விடும்.

தொப்பியால் வழுக்கை விழாது. ஆண்களின் உச்சி வழுக்கைக்குக் காரணம் பரம்பரையும், அதோடு சேர்ந்து வேர்க்காலைச் சுருக்கும் ஹார்மோனும். தொப்பி அந்த வேர்வரை போவதில்லை. உப்பும் வியர்வையும் ஊறிய தொப்பியைத் துவைக்காமல் நாள்கணக்கில் போட்டால் அரிப்பும் சீழ்க்கொப்புளமும் வரும். நண்பர்கள் அதைப் பார்த்துத்தான் பயந்திருக்க வேண்டும். இரண்டு தொப்பி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள்.

அம்மா சொல்லும் தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது, இரவில் தேய்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க உப்பளத்தில் நிற்பவருக்கு வெயில் காப்பாக அதை நம்ப முடியாது.

மகள் வாங்கி வைத்த சன்ஸ்கிரீனுக்கும் வேலை இருக்கிறது. பாத்திகளிலும் உப்புக் குவியல்களிலும் பட்டு வெளிச்சம் கீழிருந்து திரும்பி வருவதால், தொப்பி விளிம்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் காது மடலும் தாடைக்கு அடிப்பகுதியும் பிடரியும் அடிவாங்கும். குட்டை முடிக்காரர்கள் காது நுனியை மறந்தேவிடுகிறார்கள். எஸ்பிஎஃப் (தோலைச் சுடும் கதிரைத் தடுக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல், பிஏ+++ (தோலுக்குள் ஆழமாகப் போகும் யூவி-ஏ கதிருக்கான காப்பு) என்ற குறியும், தண்ணீரைத் தாங்கும் என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்பிஎஃப் 30 தோலைச் சுடும் கதிரில் ஏறக்குறைய 97 விழுக்காட்டையும், 50 ஏறக்குறைய 98 விழுக்காட்டையும் தடுக்கும் என்பதால், விலையேறிய எண்ணைத் தேடுவதைவிடப் போதுமான அளவு பூசுவதே முக்கியம். குட்டை முடிக்கு கிரீமைவிட ஜெல் ஏற்றது. கிரீம் முடியில் வெள்ளை வெள்ளையாகத் தங்கிவிடும். அரைத் தேக்கரண்டி ஜெல்லை விரல் நுனிகளில் எடுத்து, எண்ணெய் தேய்ப்பதுபோல் முடிக்கு எதிர்த்திசையில் தேய்த்தால்தான் அது தோலுக்குப் போய்ச் சேரும். களத்தில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசிவிட்டு, தேநீர் இடைவேளையிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் முகம் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். நெற்றியில் மட்டும் குறைவாகப் பூசுங்கள், இல்லையென்றால் வியர்வையோடு வழிந்து கண்ணைக் கரிக்கும்.

அடுத்த வேண்டுதலை ஆவணித் திருவிழாவுக்கு வைத்திருக்கிறீர்களோ என்னவோ. அதுவும் ஆகஸ்டு இறுதியை ஒட்டியே வரும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டைக்குப் பிறகு பூசும் சந்தனம் கத்தி பட்ட எரிச்சலுக்கு இதமாக இருக்கும். காய்ந்து உதிர்ந்தபின் வெயிலுக்கு அதனால் தடை இல்லை. சவரம் செய்த புதுத் தோலில் சன்ஸ்கிரீனும் எரியும். ஆகவே முதல் இரண்டு நாள் துணியை மட்டும் நம்புங்கள். கோயிலுக்குக் கிளம்பும்போதே தொப்பியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு வாரம் களத்து வேலையைக் காலையிலும் மாலையிலுமாக மாற்றிக் கேளுங்கள். மீறிச் சுட்டுவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள்; பனிக்கட்டி வேண்டாம், அன்றைக்கு எண்ணெயும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். உரிந்து முடியும்வரை சீயக்காயும் முடிச்சாயமும் தலைப்பக்கம் வரக் கூடாது.