ஒரு மாநிலத்தின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஜிடிபி ஏறினால் அங்கே டெலிகாம் வேலை பெருகுகிறது என்று அர்த்தமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் டெலிகாம் வேலை தேடுகிறார். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதாரப் புள்ளிவிவரத் தளமான ஃப்ரெட்டில் ஒரு மாநிலத்தின் ‘ஒலிபரப்பும் தொலைத்தொடர்பும்’ ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) வருடா வருடம் ஏறுவதைப் பார்த்திருக்கிறார். அங்கே குடிபெயரலாமா என்பது அவருடைய கேள்வி.

அந்த ஒரு கோட்டை நம்பிக் குடும்பத்தோடு கிளம்பிவிடாதீர்கள். நான் அந்தத் துறைக்குள்ளேயே பல வருடம் இருந்தவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஃப்ரெட் காட்டும் எண், அமெரிக்க வணிகத் துறையின் கீழுள்ள பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் கணக்கிடுவது. 1997-லிருந்து மில்லியன் டாலர் கணக்கில் கிடைக்கிறது. இது விற்பனைத் தொகை இல்லை. ஒரு டிவி நிலையம் விளம்பரத்தில் 100 டாலர் சம்பாதித்து, வெளியில் வாங்கும் நிகழ்ச்சிக்கும் மின்சாரத்துக்கும் 40 டாலர் கொடுக்கிறது என்று வையுங்கள். மிச்சம் 60 டாலர்தான் ஜிடிபியில் சேரும். அந்த 60-ல் மூன்று பங்கு உண்டு: ஊழியர்களுக்குப் போவது, மானியம் கழித்த உற்பத்தி வரிகள், மற்றது ‘மொத்த இயக்க உபரி’. உங்கள் கேள்விக்கான பதில் இந்தக் கடைசிப் பங்கில்தான் இருக்கிறது. லாபம் மட்டுமல்ல, இயந்திரங்களின் தேய்மானமும் அதற்குள் அடக்கம்.

நான் முதலில் வேலை பார்த்த சென்ட்ரல் ஆபீஸில், அதாவது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், செம்புக் கம்பிகள் வந்து இறங்கும் ஃபிரேம், ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிற்கும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஏணி போட்டு ஏறி, இணைப்புகளைக் கோர்க்கும் ஜம்பர் ஒயர் மாற்ற ஆட்கள் இருந்தார்கள். நான் விலகும்போது அந்த ஹாலில் பாதி காலி. மூலையில் சில ஃபைபர் (கண்ணாடி இழை) ரேக்குகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. வாரத்துக்கு ஒருமுறை ஒரு டெக்னீஷியன் வந்து பேட்டரியையும் ஏசியையும் பார்த்துவிட்டுப் போவார். அந்தக் கட்டடம் வழியாகப் போகும் டேட்டா பழையதைவிட எத்தனையோ மடங்கு. ஆள் குறைந்ததை ஜிடிபி ஒரு குறையாகக் காட்டாது. சம்பளப் பங்கு சுருங்க, தேய்மானமும் லாபமும் அந்த இடத்தை நிரப்பும். கோடு மேலேதான் போகும். நாடு முழுக்க டெலிகாம் ஊழியர் எண்ணிக்கை 2001 வாக்கில் உச்சம் தொட்டு, இன்று அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஏணிகளில் நின்றவர்கள் பலர் எனக்குத் தெரிந்தவர்கள் என்பதால் இதை வெறும் புள்ளிவிவரமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

பணவீக்கம் நீக்கிய வரிசையைப் பார்த்தீர்களா, நீக்காததையா என்பதும் முக்கியம். 2017 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டில் கைப்பேசிச் சேவையின் விலை ஒரே மாதத்தில் 7 சதவீதம் இறங்கியது. கம்பெனிகள் அன்லிமிடெட் டேட்டா பிளான்களைக் கொண்டுவந்தது அதற்குப் பெரிய காரணம். விலை இறங்கியதாகக் கணக்கு வைத்தால், பணவீக்கம் நீக்கிய வரிசையில் அதே பில் தொகைக்கு உற்பத்தி கூடியதாகத் தெரியும். அதற்காக யாரும் புதிதாக ஆள் எடுக்கவில்லை.

பெரிய கம்பெனியின் தலைமையகம் இருக்கிற மாநிலம் என்பதாலும் ஏமாற வேண்டாம். ஏடி அண்ட் டி டல்லஸில், காம்காஸ்ட் ஃபிலடெல்ஃபியாவில், டி-மொபைல் பெல்வியூவில் இருக்கிறது. ஆனால் தனியாக இயங்கும் நிர்வாக அலுவலகத்தை அமெரிக்கத் தொழில் வகைப்பாடு 55 என்ற வேறு பிரிவில் போடுகிறது, தொலைத்தொடர்பு 517. ஒலிபரப்புக்கு 515 என்று ஒரு எண் இருந்தது, 2022 திருத்தத்தில் அது போய் 516 வந்தது. இப்படி எல்லைக்கோடே நகர்ந்திருப்பதால் பழைய வருடங்களோடு ஒப்பிடும்போது நிதானம் தேவை. சின்ன மாநிலங்களின் அட்டவணையில் எண்ணுக்குப் பதிலாக ‘டி’ என்ற ஒற்றை எழுத்து நிற்கும். ஒன்றிரண்டு கம்பெனிகளின் ரகசியம் வெளியாகிவிடும் என்பதால் மறைத்திருக்கிறார்கள். அது பூஜ்யம் இல்லை.

பார்க்க வேண்டியது வேறு. ஜிடிபியைக் கணக்கிடும் அதே பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் மாநில வாரியாக ஊழியர் ஊதியத்தைத் தனி அட்டவணையாகத் தருகிறது. அதை ஜிடிபியால் வகுத்துப் பத்து வருடத்துக்குப் பாருங்கள், சுருக்கம் கண்ணுக்குத் தெரியும். தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் காலாண்டுக்கு ஒருமுறை வேலைவாய்ப்பையும் ஊதியத்தையும் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) வரை இறங்கிக் கொடுக்கிறது. ஊர் மாறுவதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஃபைபர் ஸ்ப்ளைசிங் (இழைகளை ஒட்டி இணைப்பது), கேபிள் பதிக்கும் வேலை தெரிந்தவர் என்றால் 517-ஐ விட்டுவிட்டு, அதே வகைப்பாட்டில் மின், தொலைத்தொடர்புக் கம்பித்தடக் கட்டுமானத்துக்கான 237130-ஐத் தேடுங்கள். கான்ட்ராக்டர்களிடம் அந்த வேலை பார்ப்பவர்கள் கட்டுமானத் துறைக் கணக்கில் வருகிறார்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் பிராட்பேண்டுக்கென்று ஒரே திட்டத்தில் 4,245 கோடி டாலர் ஒதுக்கியது, அதில் டெக்சாஸுக்கு மட்டும் 330 கோடிக்கு மேல். அந்தப் பணத்தில் பள்ளம் தோண்டி ஃபைபர் இழுப்பவருடைய கூலி, நீங்கள் பார்த்த அந்தக் கோட்டில் ஏறவே ஏறாது.