முழங்கையில் முறியும் அலுமினியக் கம்பி

வணக்கம். பாவையைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுக்கும் அசைவூட்டத்தில் (stop-motion), இருபது செக்கன் காட்சி முடியுமுன்னரே உங்கள் பாவையின் முழங்கைக்குள் இருக்கும் அலுமினியக் கம்பி இரண்டு தடவை முறிந்ததாக எழுதியிருந்தீர்கள். அலுமினியம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளையும்போது இறுகி முறிந்துவிடும். கம்பியின் மேல் எபொக்சி புட்டியால் (காய்ந்ததும் கல்லாக இறுகும் களி) செய்த வளையாத 'எலும்புகளுக்கிடையே' நீங்கள் 2 மில்லிமீற்றர் மட்டுமே விட்டிருப்பதால், முழு வளைவும் அந்தச் சிறு இடைவெளியிலேயே விழுகிறது. அதை 8 மில்லிமீற்றர் வரை கூட்டி, தனித் தடித்த கம்பிக்குப் பதிலாக 1.5 மில்லிமீற்றர் கம்பிகள் இரண்டைத் தளர்வாக முறுக்கிப் பயன்படுத்துங்கள். துளைக்கருவியில் மாட்டி இறுக முறுக்கினால், படப்பிடிப்புக்கு முன்பே கம்பி தன் ஆயுளில் ஒரு பங்கை இழந்திருக்கும். தோளில் சதுரப் பித்தளைக் குழாய் ஒன்றைப் புதைத்துக் கையை அதனுள் செருகும் விதமாகச் செய்தால், முறிந்தாலும் கையை மட்டும் மாற்றலாம். கொழும்புப் புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் நாகம் பூசிய இரும்புக் கம்பியை நானும் முயன்றேன்: விரலை எடுத்ததும் கை மயிரளவு பின்வாங்கியது; திரையில் அது நடுக்கமாகவே தெரிந்தது.