ஏவாள் கால்ல ஒரு கம்பி

வணக்கம் சார்,

கலிபோர்னியாவுல மகள் வீட்டுக்குப் போனப்ப ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டி தோட்டத்துல பிரெஞ்சு சிற்பி ரோதானோட வெண்கலச் சிலைகளைப் பார்த்ததா எழுதியிருந்தீங்க. நானும் நெட்ல ஆதாம், ஏவாள் போட்டோவைத் தேடிப் பார்த்தேன். ஏவாள் உடம்பு ஏன் சொரசொரன்னு பாதி வேலையில விட்ட மாதிரி இருக்கு? எங்க ஊரு சுவாமிமலைப் பக்கம், இப்படி ஒரு சிலையை எந்த ஸ்தபதியும் பட்டறையை விட்டு வெளிய அனுப்ப மாட்டார். வார்ப்பும் ரோதானே பண்ணினதா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

மாதிரி எல்லாம் இல்லீங்க, நிஜமாவே பாதியில விட்டதுதான்.

1880ல பாரிஸ்ல கட்டப்போற ஒரு மியூசியத்துக்கு வெண்கலக் கதவு செஞ்சு தரச்சொல்லி பிரெஞ்சு அரசாங்கம் ரோதானுக்கு ஆர்டர் குடுத்துச்சு, 'நரகத்தின் வாசல்'னு சொல்றது அதைத்தான். அதுக்கு ரெண்டு பக்கமும் ஆதாமும் ஏவாளும் நிக்கணும்னு அவருக்கு ஆசை. 1917ல அவர் சாகுற வரைக்கும் கதவையே வெண்கலத்துல வார்க்கல, அது வேற கதை. ஸ்டான்ஃபோர்டுல அவர் நினைச்சபடியே ரெண்டு பேரையும் ரெண்டு பக்கம் நிறுத்தியிருக்காங்க, டிக்கெட் கூட கிடையாது.

ஆதாமை 1881ல பாரிஸ் சலோன் கண்காட்சியில 'மனிதனின் படைப்பு'ங்கிற பேர்லதான் வச்சார். தலை தோள்மேல சாஞ்சு, தூக்கத்துல இருந்து எழுந்திரிக்க முடியாம எழுந்திரிக்கிற ஆள் மாதிரி இருப்பான். வாத்திகன்ல இருக்கிற சிஸ்டைன் சேப்பல் விதானத்துல மைக்கேலேஞ்சலோ வரைஞ்ச, ஆதாம் கடவுளை நோக்கி நீட்டுற அந்த விரல் ஞாபகம் இருக்கா, அதே விரல் இங்க தரையைக் காட்டுது. கடவுள் பக்கத்துல இல்ல, மண்ணுதான் இருக்கு. நல்ல ஐடியாதான், ஆனா கழுத்தை அவ்ளோ முறுக்கியிருக்க வேண்டாம், எனக்கு கொஞ்சம் ஓவர் ஆக்டிங்கா பட்டுச்சு.

ஏவாள் அப்படி இல்ல. ரெண்டு கையாலயும் மாரை இறுக்கிக் கட்டிக்கிட்டு, மூஞ்சிய கைக்குள்ள புதைச்சுக்கிட்டு நிக்கிறா. ரோதான் ஒரு இத்தாலியப் பொண்ணை நிக்க வச்சு களிமண்ல செஞ்சுக்கிட்டிருந்திருக்கார், ஆனா ஒவ்வொரு நாளும் இடுப்பும் வயிறும் முந்தின நாள் செஞ்சதோட ஒத்துப்போகல, ஏன்னு புரியாமலே அவரும் கண்ணால பார்த்தபடி மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே வந்திருக்கார், கடைசியிலதான் தெரியுது அந்தப் பொண்ணு மாசமா இருக்கான்னு. அப்புறம் அவ வர்றது குறைஞ்சு, ஒரேயடியா நின்னுபோச்சு. இவரும் வேலையை அப்படியே நிறுத்திட்டார். கர்ப்பிணிய வச்சு ஏவாள் செய்யணும்னு நான் யோசிக்கவே இல்ல, அதிர்ஷ்டவசமா அமைஞ்சதுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார். 'ஜீவனுள்ளோருக்கெல்லாம் தாய்'னு ஆதியாகமம் சொல்றவளுக்கு இப்படி அமைஞ்சிருக்கு! அவர் பிளான் போட்டுச் செஞ்சிருந்தா இவ்ளோ நல்லா வந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

அடுத்த தடவை போட்டோவைப் பார்த்தா வலது பாதத்தை ஜூம் பண்ணுங்க. களிமண்ணு நிக்கிறதுக்காக உள்ள குடுத்த கம்பியோட தடம் அங்க அப்படியே இருக்கும், வெண்கலத்துலயும் வந்திருக்கு. அதை யாரும் ராவி எடுக்கல. 1899ல, ஆதாமை வச்சு பதினெட்டு வருஷம் கழிச்சு, இதை சலோன்ல வைக்கிறப்ப பீடத்தை மண்ணுல புதைச்சு, வர்றவங்க நிக்கிற அதே தரையில அவளும் நிக்கிற மாதிரி வச்சார்.

வார்ப்பு அவர் பண்ணினது இல்ல. களிமண்ல உருவம் செய்றதோட அவர் கை வேலை முடிஞ்சுது, அதுல இருந்து பிளாஸ்டர்ல ஒரு நகல் எடுத்து வார்ப்புப் பட்டறைக்குப் போகும், அங்க வேற ஆளுங்க உள்ள பொள்ளலா வார்ப்பாங்க. பிளாஸ்டர் கையில இருக்கிறதால திரும்பத் திரும்ப வார்க்கலாம், அதனாலதான் ஒரே ஏவாள் நாலஞ்சு ஊர்ல நிக்கிறா. உங்க ஊர்ல மெழுகு உருவத்து மேல மண்ணைப் பூசி கரு (அச்சு) செய்வாங்க, மெழுகு உருகி ஓடி, அந்தக் கருவை உடைச்சாதான் சிலை, ஒரு கருவுக்கு ஒரு சிலைதான். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஓலை. ஸ்தபதி தென்னை ஓலையை மடிச்சு அளவு வச்சுக்கிட்டு செய்றார், எதிர்ல மாடல்னு ஒருத்தி நிக்கிறதில்ல, அதனால பார்வதியோட இடுப்பு நாளுக்கு நாள் மாற வழியே இல்ல. ரோதானுக்கு அந்த வேலையும் பிடிக்கும், சென்னை மியூசியத்துல இருக்கிற திருவாலங்காட்டு நடராஜரை போட்டோவுல மட்டும் பார்த்துட்டு உருகி உருகி எழுதி வச்சார், அவர் போனப்புறம் 1921ல அது அச்சுல வந்துச்சு.

இதே ஏவாளை 1883ல சின்ன சைஸ்ல, வழவழன்னும் செஞ்சிருக்கார், அது நல்லா வித்துச்சு. உங்க ஸ்தபதிகிட்ட காட்டுறதா இருந்தா அந்த போட்டோவைக் காட்டுங்க. எனக்கு அது வேண்டாம், கால்ல கம்பியோட நிக்கிறாளே, அவ போதும்.