கல்வி வரி கட்டுறோம்லா, பெஞ்சு எங்க அண்ணாச்சி? (கேள்வி பதில்)

வட்டாரக் கல்வி அலுவலகத்துல கணக்கு செக்‌ஷன்ல 27 வருஷம் குப்பை கொட்டிட்டு ரிட்டையர் ஆனவன் நான். ரெண்டு வாரமா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆளுங்க ஸ்கூல்ல இடம் இல்லன்னு ஒரே பெகளம், பாதிப் பேரு கவுன்சிலரைத் திட்டுதாங்க, பாதிப் பேரு ஹெச்எம்மைத் திட்டுதாங்க. கேளுங்க, தெரிஞ்சதை சொல்லுதேன்னேன். வந்து குவிஞ்சிட்டு.

நாகர்கோவில்ல இருந்து ஒரு அப்பா: பையன் மூணாங் கிளாஸ், ஒரே ரூம்ல 48 பிள்ளைங்க. 30 பேருக்கு ஒரு டீச்சர்னு சட்டம் இருக்குல்லா?

இருக்கு தம்பி. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் 60 பிள்ளைக்கு 2 டீச்சர், 90 வரை 3, 120 வரை 4. கூத்து என்னன்னா இந்தக் கணக்கு மொத்த ஸ்கூலுக்கும்தான், கிளாஸுக்கு இல்ல. உதாரணத்துக்கு ஒண்ணுல 12, ரெண்டுல 15, மூணுல 48, நாலுல 20, அஞ்சுல 22ன்னு வையுங்க, மொத்தம் 117, அதுக்கு 4 டீச்சர், வகுத்தா 29 சொச்சம், பேப்பர்ல எல்லாம் கனகச்சிதம். ஆனா அஞ்சு கிளாஸுக்கு நாலு பேரு, அதுல ஒருத்தர் ஹெச்எம், அவருக்கு எமிஸ்ல, அதான் பிள்ளைங்க விவரம் பதியுற அரசு வெப்சைட்ல, ஏத்தவே நேரம் காணாது. நான் ஆடிட்டுக்குப் போன ஒரு ஸ்கூல்ல மூணும் நாலும் ஒரே ஹால், நடுவுல ஒரு போர்டு, இந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் திருக்குறள். மூணு பேரு இருக்க வேண்டிய பெஞ்சுல அஞ்சு பேரு, கடைசிப் பிள்ளை ஒரு காலை வெளிய ஊனிக்கிட்டுதான் எழுதும். துலாமழைல சாரல் அடிச்சா வராண்டால இருக்கிற கிளாஸும் உள்ள வந்துரும், அப்பறம் பாடமாவது ஒண்ணாவது.

அதே ஊர், ஒரு அக்கா: வீட்டு வரியோட கல்வி வரியும் வாங்குதாங்களே, அது எங்க போவுது?

இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும் நீங்கெல்லாம். மாநகராட்சி, நகராட்சி பட்ஜெட் புக்கைப் புரட்டிப் பாருங்க, மூணு நிதி தனித்தனியா இருக்கும். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, மூணாவது ஆரம்பக் கல்வி நிதி. நீங்க கட்டுற கல்வி வரி அந்த மூணாவதுல போய் விழணும், ரோடு போட எடுக்கப்பிடாது. ஆனா அது தானா ஸ்கூலுக்கு நடந்து வராது. இந்த ஸ்கூல்ல இத்தனை ரூம் வேணும்னு எஸ்டிமேட் போட்டு, மன்றத்துல தீர்மானம் வச்சு, மேல அனுமதி வாங்கணும். யாரும் கேக்கலன்னா பணம் அந்தக் கணக்குலயே கெடக்கும். அதனால கவுன்சிலர்ட்ட போயி ஸ்கூலுக்கு ஏதாவது செய்யுங்கன்னு பொத்தாம்பொதுவா கேக்காதீங்க, கல்வி நிதில இப்ப இருப்பு எவ்வளவு, போன வருஷம் எந்த ஸ்கூலுக்கு செலவு பண்ணுனீங்கன்னு கேளுங்க. முகம் மாறும் பாருங்க.

திருவட்டாறு பக்கம், ஒரு தம்பி: எங்களுக்கு பஞ்சாயத்துதான். பஞ்சாயத்து கட்டித் தராதா?

கிராம ஊராட்சிக்கு அந்த மாதிரி கல்வி நிதிக் கணக்கு கிடையாது மக்கா. இன்னொரு சிக்கலும் இருக்கு. மத்த மாவட்டத்துல போர்டைப் பாத்தா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளின்னு இருக்கும், நம்ம பக்கம் அரசு தொடக்கப்பள்ளின்னுதான் இருக்கும். நாம 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சில இருந்த ஆளுங்கல்லா, அந்தக் காலத்து மிச்சம். அதனால பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல கேட்டா கல்வித்துறையைக் காட்டுவான், அங்க போனா இவனைக் காட்டுவான். ஆனா கக்கூஸும் தண்ணியும் வேற கதை. ஒன்றிய அரசோட 15வது நிதிக்குழு 2021-26க்கு ஊராட்சிக்கு ஒதுக்குன பணத்துல 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்குன்னே கட்டிப்போட்டிருந்தது, ஸ்கூல் கழிப்பறையை அதுல கேட்டு வாங்குன ஊர் இருக்கு. 2025 ஜனவரி 5ஓட ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்தாரு, அப்பவும் கிராம சபை உண்டு, மனுவை அங்க குடுக்கலாம்.

கொல்லங்கோடு: எம்எல்ஏ நிதில ரூம் கட்டலாமா?

தாராளமா. வருஷத்துக்கு 3 கோடி, தொகுதி முழுக்க அதுலதான் பங்கு. சீக்கிரம் போறவனுக்குக் கிடைக்கும்.

பேரு வேண்டாம்னு ஒருத்தர்: எம் பிள்ளைங்க பிரைவேட்ல படிக்கி. நான் ஏன் கல்வி வரி கட்டணும்?

உங்க வீட்டுத் திண்ணையைக் கழுவ வாற அக்காவோட பிள்ளை அந்த 48ல ஒண்ணு சார். கொரோனா சமயத்துல பீஸ் கட்ட முடியாம பிரைவேட்ல இருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்க எத்தனை குடும்பம்னு உங்களுக்கும் தெரியும், நாளைக்கு யாருக்கு என்னன்னு கண்டோம். சண்டைக்கு வராதீங்க, எனக்கு பிரஷர் இருக்கு.

தக்கலை, ஒரு அம்மா: நான் பள்ளி மேலாண்மைக் குழுல இருக்கேன். கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க, போடுதேன். எங்களுக்கு அதிகாரம் எதாவது உண்டா?

ஹெச்எம்முக்கு அடுத்த அதிகாரம் உங்களுக்குத்தான் தாயி! உறுப்பினர்ல முக்கால்வாசி பெற்றோரா இருக்கணும், பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுறது உங்க வேலை. கட்டடம் வேணும்னா அந்தத் திட்டத்துலதான் மொதல்ல ஏறணும். பள்ளி மானியம்னு வருதே, 31ல இருந்து 100 பிள்ளைக்கு 25,000, 250 வரைக்கும் 50,000, அதை ரூம் கட்ட வந்த பணம்னு நினைச்சிராதீங்க, சாக்பீஸ், கரண்ட், பெயிண்டுக்கே பத்தாது. அதுலயும் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40ன்னு பங்கு. பிஎம் ஸ்ரீங்கிற ஒன்றிய அரசோட பள்ளித் திட்டத்துல நம்ம மாநிலம் கையெழுத்துப் போடலன்னு 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடியை நிறுத்தி வச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

டீச்சர் விஷயம் வேற. ஆகஸ்ட் 1 அன்னைக்கு ரிஜிஸ்டர்ல எத்தனை பிள்ளைன்னு பாத்துதான் பணியாளர் நிர்ணயம், அதாவது ஸ்கூலுக்கு எத்தனை டீச்சர்ங்கிற முடிவு. செப்டம்பர்ல 20 பிள்ளை சேந்தா அந்த வருஷம் சேந்ததாவே கணக்கில்ல. ஜூன், ஜூலைலயே சேக்க வேண்டியதை சேத்து, எமிஸ்ல ஏறிட்டான்னு பக்கத்துல நின்னு பாருங்க. நான் இருந்தப்ப ஒரு ஸ்கூல்ல மூணே மூணு பேரு விட்டுப்போனதுல ஒரு போஸ்ட் போச்சு, அந்த ஹெச்எம் என் டேபிள் முன்னால நின்னு அழுதாரு, நான் என்ன செய்ய முடியும், தேதி தாண்டிட்டு.

மார்த்தாண்டம், ஆட்டோ ஓட்டுறவர்: பக்கத்து ஸ்கூல்ல 9 பிள்ளைதான், இங்க நிக்க இடமில்ல. ரெண்டையும் சேத்தா என்ன?

9 பிள்ளைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள தொடக்கப்பள்ளி இருக்கணும்லா, மூடிட்டா ரப்பர் தோட்டத்து ஏத்தத்துல மழைல எப்படி நடக்கும். ஜனம் இங்க மொய்க்கிறதுக்குக் காரணம் இங்கிலீஷ் மீடியமும் உங்க ஆட்டோவும்தான் அண்ணே, கோவிச்சிக்காதீங்க. அங்கயும் இங்கிலீஷ் மீடியம் கேட்டு எழுதுங்க, அதுக்கு செங்கல் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, குளச்சல்: மனுல என்ன எழுதணும்?

இடநெருக்கடின்னு மட்டும் எழுதாதீங்க. டேப்பு கொண்டு போயி ரூமை அளங்க. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, பிள்ளைங்க இத்தனை, பெஞ்சு இத்தனை. மழை நாள்ல வராண்டாவை ஒரு போட்டோ, தேதியோட. பள்ளி மேலாண்மைக் குழு தீர்மான நம்பரையும் போடுங்க. காப்பி ரெண்டு எடுத்து, ஒண்ணுல சீல் வாங்காம ஆபீஸை விட்டு எறங்காதீங்க.