பத்து ரூபாய் ஸ்டாம்பில் இருக்கும் கிளி

கேள்வி: தாத்தா விட்டுப்போன ஸ்டாம்ப் ஆல்பத்தில் 1965-ல் வந்த மொரீஷியஸ் ஸ்டாம்ப் ஒன்று இருக்கிறது. மதிப்பு பத்து ரூபாய். நெற்றியில் கொண்டை, முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய அலகு, இப்படி ஒரு கிளியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நிஜப் பறவையா, ஓவியரின் கற்பனையா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நிஜப் பறவைதான், ஆனால் படத்தில் ஊகமும் கலந்திருக்கிறது. அது அகல அலகுக் கிளி. மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்தது, 1670-களுக்குப் பிறகு அதைப் பார்த்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் ஸ்டாம்பை வரைந்தவர் டேவிட் ரீட்-ஹென்றி. இலங்கையில் பிறந்தவர், அவருடைய அப்பா இலங்கைப் பறவைகளைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியவர், ஆக பறவை தெரியாத ஆள் இல்லை. ஆனால் பார்த்து வரைய அவருக்கு ஒரு இறகு கூடக் கிடைத்திருக்காது, ஏனென்றால் இந்தக் கிளியைப் பாடம் செய்து உலகத்தில் எங்குமே வைக்கவில்லை.

இருப்பதெல்லாம் மூன்று வகைச் சான்றுதான். 1601-ல் அங்கே போன கெல்டர்லாண்ட் என்ற டச்சுக் கப்பலின் நாட்குறிப்பில் ஒரு கோட்டுச் சித்திரம் இருக்கிறது, கொண்டை நமக்குத் தெரிவது அதனால்தான். 1865-ல் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர் மார் ஓ சோஞ்ஜ் என்ற சதுப்பு நிலத்தில் அழிந்துபோன டோடோ பறவையின் எலும்பைத் தேடும்போது கீழ்த்தாடை ஒன்று கிடைத்தது, அதை வைத்துத்தான் அடுத்த வருடம் ரிச்சர்ட் ஓவன் இப்படி ஒரு கிளி இருந்தது என்று அறிவியலுக்குச் சொன்னார். மூன்றாவது, அங்கே போனவர்கள் எழுதிய சில வரிகள். தலை நீலம், உடம்பில் சிவப்பு என்று ஒருவர் எழுதுகிறார், அந்தச் சிவப்பு உடம்பிலா அலகிலா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. அதனால் ஸ்டாம்பில் கொண்டையையும் அலகையும் நம்பலாம், நிறத்தை அந்த அளவுக்கு நம்ப வேண்டாம்.

1660-களில் தீவில் இருந்த ப்ரீடோரியஸ் என்ற டச்சுக்காரரின் குறிப்பு ஒன்று என்னை ரொம்பவும் பாதித்தது. அழகான பறவை, பறக்க முடியாது, அதிகம் கண்ணில் படுவதில்லை, பிடித்து அடைத்தால் இரை எடுக்காது, அடைபட்டு வாழ்வதைவிடச் சாவதையே விரும்பும் என்கிறார். (பறக்கவே முடியாது என்பது மிகை, சிரமப்பட்டுப் பறந்ததாக இன்னொருவர் எழுதியிருக்கிறார்.) கப்பலில் வந்த எலி, குரங்கு, பன்றி எல்லாம் தீவில் பெருகின, கருங்காலிக்காகக் காட்டை வெட்டினார்கள். டச்சுக்காரர்கள் அங்கே குடியேறியது 1638-ல், அதிலிருந்து நாற்பது வருடத்துக்குள் கிளியைப் பற்றிய குறிப்பே நின்றுவிடுகிறது.

கேள்வி: மொரீஷியஸையும் பிரெஞ்சுக்காரர்கள்தானே ஆண்டார்கள்? அவர்கள் கப்பலில் அங்கத்திய கிளிகள் புதுச்சேரிக்கு வந்திருக்குமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

இந்தக் கிளி வந்திருக்க வழியில்லை. 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் மொரீஷியஸைப் பிடித்தபோது அது அழிந்து பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் பக்கத்துத் தீவு ரோட்ரிக்ஸில் இருந்த இன்னொரு கிளியின் கதையில் நம்ம புதுச்சேரி லேசாக வந்து போகிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1761 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போனது. அதைப் பார்க்க பிரான்சிலிருந்து கிளம்பிய வானியலாளர்களில் லெ ஜான்டீல் என்பவர் புதுச்சேரிக்கும், பாங்ரே என்பவர் ரோட்ரிக்ஸுக்கும் புறப்பட்டார்கள். லெ ஜான்டீல் வருவதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள், கப்பல் திரும்பிவிட்டது, நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. மனுஷன் விடவில்லை, அடுத்த வாய்ப்புக்காக இந்தப் பக்கமே எட்டு வருடம் காத்திருந்து 1769-ல் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக நின்றார். அன்று காலை பார்த்து மேகம் மூடிவிட்டது!

ரோட்ரிக்ஸ் போய்ச் சேர்ந்த பாங்ரே அங்கிருந்த கிளியைச் சாப்பிட்டிருக்கிறார். ருசியாக இருக்கிறது, ஆனால் அரிதாகிக்கொண்டு வருகிறது என்று அப்போதே எழுதி வைத்தார். இப்போது அதை நியூட்டன் கிளி என்கிறார்கள் (ஆப்பிள் நியூட்டன் இல்லை, மொரீஷியஸில் அதிகாரியாக இருந்த எட்வர்ட் நியூட்டன்). நம்ம பச்சைக்கிளிக்கு உறவுதான், ஆனால் கிடைத்த இரண்டு உடல்களும் நீல நிறம். 1874-ல் மறுபடி வெள்ளிக் கடப்பு வந்தது, அதற்காகப் போன ஸ்லேட்டர் என்பவர் ரோட்ரிக்ஸில் ஒரே ஒரு கிளியைப் பார்த்தார். 1875 ஆகஸ்ட் 14-ல் ஒரு ஆண் கிளியைக் கொன்று நியூட்டனுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் உறுதியான தகவல் எதுவும் இல்லை. இரண்டு உடல்களும் கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கேள்வி: அந்தப் பத்து ரூபாய் ஸ்டாம்பை விற்றால் நல்ல விலை போகுமா? ஆல்பத்தில் பழுப்புப் புள்ளிகள் வேறு விழ ஆரம்பித்திருக்கின்றன.
- அதே முத்தியால்பேட்டை வாசகி

முத்திரை விழுந்த தனி ஸ்டாம்புக்குப் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். முத்திரை விழாத முழு வரிசையாக இருந்தால் வேறு கதை. ஆனால் என்னைக் கேட்டால் விற்காதீர்கள், அதைவிட அந்த வரிசையில் மீதி இருப்பதைத் தேடிச் சேருங்கள், ஏனென்றால் அந்த 1965 வரிசையை முழுசாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அதிக மதிப்புள்ள ஸ்டாம்புகளில் டோடோ மாதிரி அழிந்துபோன பறவைகள், குறைந்த மதிப்பில் அப்போது உயிரோடு இருந்தவை. 25 சென்டில் இருக்கும் மொரீஷியஸ் வல்லூறு 1974-ல் காட்டில் நாலே நாலுதான் இருந்தது. 15 சென்டில் இருக்கும் மொரீஷியஸ் பச்சைக்கிளி 1980-களில் பத்து வரைக்கும் இறங்கியது. கூடு வைக்கும் பொந்துகளைப் பாதுகாத்து, பிடித்து வளர்த்து, திரும்பக் காட்டில் விட்டு, கார்ல் ஜோன்ஸ் போன்றவர்கள் பல வருடம் பாடுபட்டதால் அந்தக் கிளி இன்று 700-க்கு மேல் இருக்கிறது. பத்து ரூபாய்க் கிளிக்கு அப்படி மெனக்கெட ஒருவரும் இல்லாமல் போனார்கள், எனக்கு அந்த ஆற்றாமை உண்டு.

பழுப்புப் புள்ளி கடலோர ஈரத்தால் வருவது, கடலூர், புதுச்சேரி ஆல்பங்கள் நிறைய இப்படித்தான் போகின்றன. புள்ளி விழுந்ததை முதலில் தனியாக எடுத்துவிடுங்கள், மற்றதற்கும் பரவும். ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.