கிரிட்டை மீறும் படங்கள்: உங்கள் போர்ட்ஃபோலியோவுக்குச் சில யோசனைகள்

லேஅவுட் (பக்க வடிவமைப்பு) வேலைக்குக் காட்ட நீங்கள் தயாரித்து அனுப்பிய போர்ட்ஃபோலியோ பக்கங்களைப் பார்த்தேன். படங்களைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு நல்ல கண் இருக்கிறது. ஆனால் எல்லாப் பக்கத்திலும் ஏதோ ஒரு படம் பத்தியைத் தாண்டி நிற்கிறது. வித்தியாசமாக இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறீர்கள், புரிகிறது. லேஅவுட் வேலைக்கு ஆள் எடுப்பவரோ முதலில் ஒழுங்கைத்தான் தேடுவார். சில பக்கங்கள் ஒரே கிரிட்டில், அதாவது எழுத்தையும் படத்தையும் ஒழுங்காக வைக்க உதவும் வழிகாட்டிக் கோடுகளில், அமைதியாகப் போன பிறகு ஒரு படம் மார்ஜினை (பக்க ஓரத்து வெற்றிடத்தை) தாண்டினால், கண் தானாக அங்கே போகும்.

எந்தப் படம் தாண்டலாம் என்பதைப் படமே சொல்லும். ஓடுகிறவர், நீட்டிய கை, பறக்கும் துணி மாதிரி அசைவு உள்ள படங்கள் வெளியே வரலாம். நேராக நிற்கும் கட்டடத்தை எதற்காக வெளியே இழுக்க வேண்டும்? அப்புறம் இன்னொன்று, இதுதான் முக்கியம்: படத்தின் ஒரு பக்கம் கிரிட்டை மீறினால், இன்னொரு பக்கமாவது கிரிட் கோட்டில் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கை தவறி நகர்ந்தது போலத்தான் தெரியும்.

கட்அவுட் படத்தை (பின்னணியை நீக்கி உருவத்தை மட்டும் வெட்டியெடுத்த படத்தை) சுற்றி எழுத்தை ஓடவிடும்போது, முடிந்தவரை படத்தைப் பத்தியின் வலப்பக்கம் வையுங்கள். வரிகளின் தொடக்கம் நேராக இருந்தால் படிக்கச் சிரமம் இருக்காது. தமிழில் சொற்கள் நீளம் என்பதால், குறுகிய வரியை இருபுறமும் சமன் செய்தால் நடுவே பெரிய ஓட்டைகள் விழும். அங்கே இடப்பக்கம் மட்டும் சமன் செய்தால் போதும்.

1934 முதல் 1958 வரை ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற அமெரிக்க ஃபேஷன் இதழின் கலை இயக்குநராக இருந்த அலெக்ஸி பிரோடோவிச்சின் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். படத்தைத் துணிந்து வெட்டுவதையும் வெற்றிடத்தை விடுவதையும் அவரிடம் கற்கலாம்.

பக்க விளிம்பு வரை போகும் படத்துக்கு பிளீட், அதாவது தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க வெளியே கூடுதலாக நீட்டும் பகுதி, வழக்கமாக 3 மி.மீ. 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) படத்தை அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் 150 ஆகிவிடும், தெளிவு குறையும், அதையும் கவனியுங்கள். முகம் நடுமடிப்பில் விழக் கூடாது.

அடுத்த முறை ஆறு பக்கம் போதும். அதில் ஒன்றிரண்டில் மட்டும் மீறல் இருக்கட்டும். அந்தப் பக்கத்தை கிரிட் கோடுகளோடு ஒரு முறை, கோடுகள் இல்லாமல் ஒரு முறை அருகருகே வையுங்கள். 'இந்தப் படம் ஏன் இங்கே வெளியே வந்தது?' என்று நேர்காணலில் கேட்பார்கள். அதற்கான பதிலை இரண்டு வரியில் எழுதி எனக்கும் அனுப்புங்கள்.