கிரேக்கர்களின் பெரிய வெண்கலக் காசுகளை எப்படி அடையாளம் காண்பது? புதிதாகச் சேகரிப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தராசில் வையுங்கள். படம் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

பெரிய காசு என்றால் என் மனதில் வருவது எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான தாலமி மன்னர்களுடையதுதான். இரண்டாம் தாலமி (இறந்தது கி.மு. 246) காலத்து மிகப் பெரிய காசு 90 கிராமைத் தாண்டும். நம் பத்து ரூபாய் நாணயம் பன்னிரண்டைச் சேர்த்து உள்ளங்கையில் வைத்த கனம்! முன்பக்கம் ஆட்டுக்கடாக் கொம்போடு தாடிக்காரர், ஜீயஸ்-அம்மோன் என்ற கிரேக்க-எகிப்தியக் கடவுள். பின்பக்கம் கழுகு, சுற்றிலும் கிரேக்க எழுத்தில் 'மன்னர் தாலமியுடையது'. எந்தத் தாலமி? அதுதான் தலைவலி. அந்த வம்சத்தில் எல்லா மன்னர்களுக்கும் அதே பெயர், காசில் எண்ணும் கிடையாது. கழுகின் கால்களுக்கு நடுவே உள்ள எழுத்து, பக்கத்தில் உள்ள சின்னம், கழுகு ஒன்றா இரண்டா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தாலமி காசுத் தளம் இலவசம். அதில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல காசுகளில் இரண்டு பக்கமும் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும். யாரோ துளை போடப் பார்த்து விட்டுவிட்டார்கள் என்று நானும் நினைத்தேன். அச்சடிப்பதற்கு முன் வில்லையை (படமில்லாத வெறும் உலோகத் தகட்டை) சமன்படுத்தியபோது விழுந்த தடம் என்கிறார்கள். விளிம்பு சரிவாக, ஓரிடத்தில் வார்ப்பு மிச்சத்தோடு இருந்தாலும் பதற வேண்டாம். வில்லையை வார்த்து, அதன்மேல்தான் அச்சடித்தார்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடுகிறதா, பரப்பில் குமிழித் துளைகள் இருக்கின்றனவா, எழுத்து சோப்புபோல வழுவழுவென்று இருக்கிறதா? அங்கேதான் வார்த்தெடுத்த போலியோ என்று சந்தேகப்பட வேண்டும்.

எகிப்து 1983-லேயே தொல்பொருள் வணிகத்தைத் தடை செய்துவிட்டது. அதனால், காசு அதற்கு முன்பே வெளியே வந்ததைக் காட்டும் பழைய ஏல ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

சுத்தம் மட்டும் செய்யாதீர்கள். என் முதல் காசு சிசிலித் தீவின் சிரகூஸ் நகரத்தது. ஒரு பக்கம் தலைக்கவசத்தோடு அதீனா தேவி, மறுபக்கம் இரண்டு டால்பின்களுக்கு நடுவே நட்சத்திரம். கரும்பச்சையாக இருந்ததை அழுக்கு என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். இப்போது குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது. காட்டினால் வியாபாரிகள் சிரிக்கிறார்கள், விலை கேட்பதில்லை.